அறிவியல் கதையை எப்படிப் படிப்பது? – எங்க அக்கா கேட்ட மூன்றாவது கேள்வி

 

இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதி என் முறை. "பாடப் புத்தகத்துக்கு வெளியே ஏதாவது எழுது" என்று டீச்சர் சொன்னார். நான் அறிவியல் கதைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பின் பெஞ்சில் இருந்து ஒருவன், "கதையே பொய்தான, அதுல என்ன அறிவியல் இருக்கு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை.

1. அறிவியல் கதை என்றால் என்ன?

விட்டலாச்சாரியா படத்தில் மந்திரவாதி கையைத் தூக்கினால் பாய் பறக்கும். ஏன் பறக்குது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் படம் பார்க்க முடியாது. அது மந்திரக் கதை.

அறிவியல் கதையில் அப்படி இல்லை. ஆசிரியர் உலகத்தில் ஏதோ ஒன்றை மட்டும் மாற்றுவார். "இப்படி ஒரு கருவி வந்தால்? இப்படி ஒரு சட்டம் வந்தால்?" என்று தொடங்குவார். அதற்கு ஒரு காரணமும் சொல்வார். அப்புறம் அந்த மாற்றத்தால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று காட்டுவார்.

ஆகவே ஒரு அறிவியல் கதையைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

முதல் கேள்வி: ஆசிரியர் எதை மாற்றியிருக்கிறார்?
இரண்டாம் கேள்வி: அதற்கு அறிவியல் காரணம் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி எங்க அக்கா சொன்னது. எங்க அக்கா பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு மேலே படிக்கவில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், நான் நூலகத்தில் எடுத்த கதையை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அம்மா, "ஏட்டி, அடுத்த வருசம் பத்தாவது, கதைப் புத்தகத்த மூடு" என்று ஏசும். அக்காதான், "ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டும்மா" என்று கெஞ்சுவாள். ஒரு நாள் படித்துக்கொண்டு இருக்கும்போது அவள் கேட்டாள்: "எல்லாஞ் சரி. இந்தக் கதையில நம்மள மாதிரி ஆளு யாராவது இருக்காங்களா? இருந்தா என்ன செய்தாங்க?"

அதுதான் மூன்றாம் கேள்வி. இந்த மூன்றையும் வைத்து மூன்று கதைகளைப் பார்ப்போம்.

2. நம்ம கடலுக்கு வந்த நீர்மூழ்கிக் கப்பல்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கடலடிப் பயணக் கதை 1870இல் முழுதாக வெளிவந்தது. கதாநாயகர் கேப்டன் நீமோ. அவருடைய கப்பல் நாட்டிலஸ், கடலுக்கு அடியில் போகும்.

முதல் கேள்விக்குப் பதில்: மின்சாரத்தாலேயே எல்லா வேலையும் செய்யும் ஒரு கப்பல். எடிசன் மின்விளக்கை 1879இல்தான் செய்து காட்டினார். அதற்கு முன்பே இந்தக் கப்பலில் விளக்கு எரியுது, அடுப்பும் மின்சாரத்தில்.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: காரணம் சொல்கிறார். கடல்நீரில் இருந்து சோடியத்தைப் பிரித்து மின்கலத்தில் பயன்படுத்துவதாக எழுதுகிறார். தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்த உப்பு சோடியம் குளோரைடு என்று நாம் படித்திருக்கிறோம். அதே சோடியம்தான்!

இனிமேல்தான் ஆச்சரியம். அந்தக் கப்பல் நம்ம மன்னார் வளைகுடாப் பக்கம் வருகிறது. நீமோ தன் விருந்தாளிகளை இலங்கைப் பக்கத்து முத்துச் சிப்பித் திட்டுகளுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே ஒரு ஏழை இந்தியர், கல்லின் கனத்தால் கீழே இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி எடுக்கிறார். சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்ந்து சண்டை போடுகிறார். கூட வந்தவர் ஈட்டியால் சுறாவைக் கொல்கிறார். உயிர் பிழைத்தவரின் கையில் நீமோ ஒரு பை முத்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஜூல்ஸ் வெர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம்ம கடலைப் படித்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

நீமோ யார் என்பது 1875இல் முடிந்த 'மர்மத் தீவு' கதையில்தான் தெரியும். அவர் பண்டேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர். 1857இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்றுக் கடலுக்கு அடியில் போனவர். இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி தூக்கிலிட்டது நம்ம கயத்தாறில்தானே.

என் கருத்து: சண்டைக் காட்சிகள் அருமை. ஆனால் மீன் பெயர்களைப் பக்கம் பக்கமாக அடுக்குவது கொஞ்சம் சலிப்பு. கப்பலுக்குள் ஒரு பெண்கூடக் கிடையாது.

அக்கா கருத்து: "சுறாகிட்ட மாட்டுனாரே, அவரு பேரு என்ன?" நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மூன்றாம் கேள்விக்குப் பதில்: நம்மள மாதிரி ஆள் இருக்கிறார், ஆனால் காப்பாற்றப்படுவதற்காக மட்டும் இருக்கிறார்.

(உங்களுக்குத் தெரியுமா? தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். அதன் பிறகு 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் சிப்பிகளை வளர்த்து, அவற்றுக்குள் செயற்கை முறையில் முத்து உருவாக்கிக் காட்டினார்கள்.)

3. இரண்டெழுத்துப் பெயர்கள்

அடுத்தது சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 2008இல் காலமானார்.

இந்தக் கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அதாவது அவருக்கு வருங்காலம், நமக்குக் கடந்துபோன வருசம்! ஜீவா என்பவர் நாட்டை ஆள்கிறார். குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கதாநாயகி பெயர் நிலா, கணவன் சிபி, இயந்திர நாய் ஜீனோ. (நம்ம வகுப்பில் யாருமே தப்ப முடியாது. முத்து என்றாலே மூன்றெழுத்து. பேச்சியம்மாளை எப்படிக் கூப்பிடுவது?)

குழந்தைக்கு அனுமதி கிடைத்த நாளில் சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடும் நிலாவுக்குத் துணை அந்த நாய்தான். பொம்மை மாதிரி இருந்த ஜீனோ கொஞ்சம் கொஞ்சமாகத் தானே யோசிக்கத் தொடங்குகிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன். நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.

சுஜாதா சொன்னது நடந்ததா? ஜீனோ மாதிரி நாய் யார் வீட்டிலும் இல்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு போனிலேயே வந்துவிட்டது. அதனால் நான் நினைப்பது என்னவென்றால், அறிவியல் கதை ஜோசியம் இல்லை. பலித்ததா பலிக்கலையா என்று மார்க் போடக் கூடாது. "யோசிக்கும் இயந்திரம் யார் சொல் கேட்கும்?" என்ற கேள்வியை நாம் பிறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

என் கருத்து: விறுவிறுப்பில் இதற்குத்தான் முதல் இடம். ஒரே குறை, நல்ல யோசனை எல்லாம் நாய்க்கே வருது. நிலாவுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

அக்கா கருத்து: அவள் தினமும் ஆபீசில் இருந்து வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அந்த நாய் என்னாச்சு?" ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கண் விழித்துப் பார்த்தால் அக்கா தானாகவே புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வாசித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் கேள்விக்குப் பதில்: இருக்கிறாள். நிலா விஞ்ஞானி இல்லை, வீட்டில் இருக்கும் சாதாரணப் பெண். ஆனால் அவள்தான் தேடிப் போகிறாள்.

4. மேகத்தில் இருந்து தண்ணீர் பிடித்த பெண்கள்

மூன்றாவது, 'சுல்தானாவின் கனவு'. இது நாவல் இல்லை, சின்னக் கதை. எங்க டீச்சர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார். எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா. 1905இல் முதலில் வெளிவந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில், கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய பெண்கள் பத்திரிகையில்!

கனவில் சுல்தானா ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே பெண்கள் வெளியே வேலை பார்க்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள் போட்டி போடுகின்றன. ஒன்று, பலூனில் குழாய் மாட்டி மேகத்தில் இருந்தே தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. அதில்தான் சமையல். எதிரிப் படை வந்தபோது அந்த வெப்பத்தைத் திருப்பி விட்டே விரட்டிவிடுகிறார்கள்.

நம்ம கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் போட்டுவிட்டு மழைக்கு வானத்தையே பார்க்கிறோம். எங்க ஆச்சிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தக் குழாய நம்ம புஞ்சைக்கு ஒண்ணு கேளு" என்றாள்.

வகுப்பில் பையன்கள் எல்லோரும், "ஆம்பளைங்கள அடைச்சு வைக்கிறது அநியாயம்" என்று கத்தினார்கள். அநியாயம்தான். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் அவர் ஊரில் பெண்களை அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அது யாருக்கும் அநியாயமாகத் தெரியவில்லை. ஆசிரியர் இடத்தை மட்டும் மாற்றிக் காட்டினார், உடனே உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது பார்த்தீர்களா? அதுதான் அந்தக் கதையின் வேலை.

ரொக்கையா பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். அண்ணனும் அக்காவும் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் படித்தார். பிறகு 1911இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "பலூன் விட்டது காலேஜ்ல படிச்சவங்க. சரி, அந்தக் குழாயச் செஞ்சு மாட்டுனது யாரு?" நான் டீச்சரிடம் கேட்டேன். கதையில் அது இல்லை என்றார். "நல்ல கேள்வி, உங்க அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வா" என்றும் சொன்னார்.

5. முடிவுரை

இப்போது பின் பெஞ்சுக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், கதை பொய்தான். நாட்டிலஸ் பொய், ஜீனோ பொய், சுல்தானா கண்டது கனவு. ஆனால் அந்தப் பொய் நம்மைக் கேட்க வைக்கும் கேள்வி நிஜம். அறிவியல் தொடங்குவதும் கேள்வியில் இருந்துதானே.

கேள்வி கேட்பதால் அடி வாங்கும் ஒரு மாணவியைப் பற்றி இரா. நடராசன் 'ஆயிஷா' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார். அது அறிவியல் கதை வகை இல்லை, ஆனாலும் படியுங்கள். படித்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நம்ம ஊரில் ஆனி ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து இத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிறது. காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையமே இங்கே இருக்கிறது. தினமும் அதன் கீழேதான் நடந்து பள்ளிக்கு வருகிறோம். ஒன்றின் உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொன்னதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு அது எதுக்கு?" என்றார் ஒருவர். அவருக்குப் பதிலாக நான் ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் காற்றாலையைப் பழுது பார்க்க ஏறுகிறவள் கயத்தாறுப் பெண். அவளுக்குப் பெயர் இருக்கும். இரண்டெழுத்துக்கு மேலேயே இருக்கும்.

அக்கா போன சனிக்கிழமை பள்ளிக்கு வந்து டீச்சரைப் பார்த்தாள். தனித்தேர்வராக மேலே பரீட்சை எழுதலாம் என்று டீச்சர் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், "என்னக்கா எழுதுவியா?" என்றேன். "பாப்போம்" என்றாள். ஆனால் நூலகத்தில் தன் பெயரில் ஒரு அட்டை போட்டுவிட்டாள்.

உங்களுக்கு ஒரு வேலை: நம்ம ஊரில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு பக்கத்தில் கதை எழுதிக் கொடுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். நல்ல கதை அடுத்த மாத இதழில் ஒட்டப்படும்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். 

– ஒன்பதாம் வகுப்பு மாணவி