ரெஜிஸ்ட்ரி பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பில்டு எல்லாம் சிவப்பாகக் கிடக்கும். லாகைத் திறந்தால் 429, ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’. யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் கொண்டுவந்த கட்டுப்பாடு அது: லாகின் செய்யாமல் இமேஜ் இறக்கினால் ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறை, இலவசக் கணக்கில் லாகின் செய்தால் 200. தனி ஆளுக்கு 100 தாராளம். ஆனால் அலுவலகத்து லேப்டாப்புகளும் சிஐ ரன்னர்களும் ஒரே பொது ஐபி வழியாக வெளியே போனால், காலை டீக்குள்ளேயே கணக்கு தீர்ந்துவிடும். மதியத்துக்குள் மேனேஜர் யாரையாவது பார்த்து, “நம்மளே ஒரு ரெஜிஸ்ட்ரி வச்சுக்கலாமே, நீ பாத்துக்கறியா?” என்பார். கேட்பது உங்களை என்றால், உடனே தலையாட்ட வேண்டாம்.

தேவை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 429 மட்டும்தான் தொல்லை என்றால் முழு ரெஜிஸ்ட்ரி வேண்டியதில்லை. இறக்கியதைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் மிரர் ஒன்று போதும். ரெஜிஸ்ட்ரி மென்பொருளையே ப்ராக்ஸியாக ஓடவிட்டு, ஒவ்வொரு டாக்கர் டீமனின் அமைப்புக் கோப்பிலும் அதன் முகவரியைச் சேர்த்தால் முடிந்தது. இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். டாக்கரின் இந்த மிரர் வசதி டாக்கர் ஹப் இமேஜ்களுக்கு மட்டும்தான். மிரருக்கு உங்கள் ஹப் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அந்தக் கணக்கின் பிரைவேட் இமேஜ்களையும் மிரரை எட்ட முடிகிற எவரும் இறக்கலாம்.

உங்கள் சொந்த இமேஜ்களை வைக்க இடம் வேண்டும் என்றால்தான் ரெஜிஸ்ட்ரி. அப்போதும் சுற்றிலும் ஒரு முறை பாருங்கள். கோடு கிட்லேப்பிலோ கிட்டீயிலோ இருந்தால் ரெஜிஸ்ட்ரி அதனுள்ளேயே உண்டு. புதிதாக ஒன்றை நிறுவி இன்னொரு பாஸ்வேர்டு பட்டியலைப் பராமரிப்பது வீண். எல்லாமே ஒரே கிளவுடில் ஓடுகிறது என்றால் அந்த கிளவுடின் ரெஜிஸ்ட்ரியே மேல் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள். சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது.

இத்தனைக்குப் பிறகும் சொந்த ரெஜிஸ்ட்ரிதான் என்றால் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, டாக்கர் நிறுவனம் தொடங்கி 2021இல் சிஎன்சிஎஃப் அமைப்பிடம் ஒப்படைத்த ‘டிஸ்ட்ரிபியூஷன்’. ஒரே கன்டெய்னர், 5000ஆம் போர்ட், ஒரு ஃபோல்டர். மற்றது ஹார்பர். விஎம்வேரில் பிறந்து, 2020இல் சிஎன்சிஎஃப்பின் ‘கிராஜுவேட்டட்’ நிலையை எட்டியது. வலைத்தளப் பக்கம், புராஜெக்ட் வாரியாக அனுமதி, ஸ்கேன் செய்ய ட்ரிவி, சிஐக்கு ரோபோ கணக்கு எல்லாம் அதில் உண்டு. குறைந்தது 2 சிபியு, 4 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க் கேட்கும். ஒரே டீம் என்றால் முதலாவது போதும். ‘பேமென்ட் டீமின் இமேஜை மற்றவர்கள் தொடக் கூடாது’ என்ற பேச்சு எழுந்த நாளே ஹார்பருக்குப் போய்விடுங்கள். டிஸ்ட்ரிபியூஷனின் எளிய பாஸ்வேர்டு கோப்பில் அந்தப் பிரிவினை கிடையாது. உள்ளே நுழைந்தவர் எதையும் ஏற்றலாம், எதன் மேலும் எழுதலாம்.

நிறுவும் வேலை அரை நாள். அந்த அரை நாளை விழுங்கும் தடங்கல்களும் எப்போதும் இவைதான். லோக்கல்ஹோஸ்ட் தவிர வேறு எந்த முகவரிக்கும் டாக்கர் எச்டிடிபிஎஸ் கேட்கும். ‘இன்செக்யூர் ரெஜிஸ்ட்ரி’ என்று எழுதித் தப்பிக்கலாம்தான். எழுதினால் ஒவ்வொரு மெஷினிலும் எழுத வேண்டும், பிறகு யாரும் அதை நீக்க மாட்டார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் எடுத்து, தானாகப் புதுப்பிக்கும்படி முதல் நாளே செய்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரிக்கு முன்னால் என்ஜின்எக்ஸை வைத்தால் சின்ன இமேஜ் ஏறும், பெரியது 413 என்று திரும்பும். அதன் இயல்பான வரம்பு 1 எம்பி, அதைப் பூஜ்யமாக்கினால் வரம்பு நீங்கும். பாஸ்வேர்டு கோப்பு பிகிரிப்ட் முறையில் இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரி ஏற்காது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: டாக்கர் லாகின் செய்ததும், தனியாக கிரெடென்ஷியல் ஸ்டோர் அமைக்காத மெஷினில், பாஸ்வேர்டு ஹோம் ஃபோல்டரில் பேஸ்64 வடிவில் உட்கார்ந்துவிடும். அது பூட்டே இல்லை. சிஐக்கென்று தனிக் கணக்கு வையுங்கள்.

ரெஜிஸ்ட்ரியை, அதிலிருந்து இமேஜ் இறக்கும் அதே குபர்னெட்டீஸ் கிளஸ்டருக்குள் வைக்காதீர்கள். கிளஸ்டர் முழுக்க விழுந்து எழும்போது ரெஜிஸ்ட்ரி வந்தால்தான் இமேஜ் வரும், இமேஜ் வந்தால்தான் ரெஜிஸ்ட்ரி வரும். ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்ற வரியைப் பார்த்துக்கொண்டே ராத்திரி போய்விடும். ஓரமாக ஒரு சிறிய சர்வர், அதில் ரெஜிஸ்ட்ரியின் இமேஜே ஒரு டார் கோப்பாக.

நிஜமான வேலை ஆறு மாதம் கழித்து, டிஸ்க் 95 சதவீதம் என்று அலாரம் அடிக்கும்போது ஆரம்பிக்கும். டிஸ்ட்ரிபியூஷனில் அழிக்கும் வசதியே இயல்பில் அணைந்திருக்கும். அதைத் திறந்து நூறு பழைய இமேஜ்களை அழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு எம்பிகூடக் குறைந்திருக்காது. நீங்கள் அழித்தது மேனிஃபெஸ்ட்டை, அதாவது எந்த இமேஜுக்கு எந்த லேயர் என்ற பட்டியலை. லேயர்கள் டிஸ்கிலேயே இருக்கும். ஒரே லேயரைப் பல இமேஜ்கள் பங்கிட்டுக்கொள்வதால், எதற்கும் தேவைப்படாத லேயர் எது என்று கண்டுபிடிக்க கார்பேஜ் கலெக்‌ஷனைத் தனியாக ஓட்ட வேண்டும்.

ஓட்டும்போது ரெஜிஸ்ட்ரியை நிறுத்துங்கள், அல்லது படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். அந்த நேரம் யாராவது இமேஜ் ஏற்றிக்கொண்டிருந்தால், லேயர் வந்திருக்கும், மேனிஃபெஸ்ட் இன்னும் வந்திருக்காது. அனாதை லேயர் என்று அதையும் தூக்கிவிடும். முடிந்ததும் ரெஜிஸ்ட்ரியை மறுபடி தொடங்குங்கள். தொடங்காவிட்டால், அழிந்துபோன லேயர் இன்னும் இருப்பதாக மெமரியில் உள்ள கேஷ் நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த பில்டு ஏற்றும்போது ‘லேயர் ஆல்ரெடி எக்சிஸ்ட்ஸ்’ என்று பச்சையாக முடியும், இறக்கும்போதுதான் உடையும். இந்த ஒன்றுக்காக நாள் முழுக்க நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் இரண்டு பொறி. டிஸ்ட்ரிபியூஷனின் பழைய 2ஆம் பதிப்பு வரிசையில் அழிப்பது டைஜஸ்ட்டை வைத்துத்தான். 1.4.2 என்ற டேகும் லேட்டஸ்ட் என்ற டேகும் ஒரே டைஜஸ்ட்டைச் சுட்டினால், ஒன்றை நினைத்து அழிக்க இரண்டும் போகும். டேக் இல்லாதவற்றையும் சேர்த்து அழிக்கும் தெரிவு, அதே வரிசையில், இன்டெல், ஆர்ம் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிய இமேஜ்களின் உள்ளுறுப்புகளைக் குப்பை என்று எடுத்துவிடும். 2025இல் வந்த 3ஆம் பதிப்பில் தொடங்குவது நல்லது. எதில் தொடங்கினாலும் முதலில் டிரை ரன்.

எதை அழிப்பது என்பதில் பலரும் ‘90 நாளுக்கு மேல் பழையது’ என்று விதி எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. நன்றாக ஓடும் சர்வீஸை யாரும் தொடுவதில்லை. எட்டு மாதம் முன் டிப்ளாய் ஆன பில்லிங் சர்வீஸ் இன்றும் அந்தப் பழைய இமேஜில்தான் ஓடும். உங்கள் விதி அதை அழித்த அன்று ஒன்றும் தெரியாது. பாட் வேறு நோடுக்கு நகரும் நாளில்தான் தெரியும். ஆகவே முதலில் எல்லா கிளஸ்டரிலும் இப்போது ஓடுகிற டைஜஸ்ட்களின் பட்டியலை எடுங்கள்; அவை தொடக்கூடாதவை. அவற்றுக்கு வெளியேதான் விதி: ஒவ்வொரு சர்வீஸுக்கும் கடைசிச் சில ரிலீஸ்கள், பிராஞ்ச் பில்டுகளுக்கு ஒரு வாரம். டேக்காக கிட் கமிட் எண்ணை வைத்தால் ஓடுவது எந்தக் கோடு என்பதும் தெரியும். லேட்டஸ்ட் என்ற டேகை புரொடக்‌ஷனில் தடை செய்யுங்கள்.

பேக்கப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். ஹார்பர் என்றால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையும் சேர்த்து. காலாண்டுக்கு ஒரு முறை வேறு மெஷினில் மீட்டு, ஒரு இமேஜை இறக்கிப் பாருங்கள்.

வேலைக் கணக்கில் இதன் பலன் என்ன? மூன்று நான்கு வருட அனுபவத்தில் டிஎல்எஸ், ஸ்டோரேஜ், அனுமதி, எச்டிடிபி நான்கையும் ஒரே இடத்தில் தொட வைக்கும் வேலைகள் குறைவு. ஆனால் ரெஸ்யூமேயில் ‘ரெஜிஸ்ட்ரி நிறுவினேன்’ என்று எழுதாதீர்கள்; அது ஒரு கமாண்ட் என்பது நேர்காணல் எடுப்பவருக்குத் தெரியும். எத்தனை டீம் பயன்படுத்தியது, டிஸ்க் எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, மீட்டெடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று உங்கள் சொந்த எண்களை எழுதுங்கள். அவற்றை இன்றிலிருந்தே குறித்து வைக்க ஆரம்பித்தால்தான் அன்றைக்கு இருக்கும். ரெஸ்யூமேயில் அந்த வரியைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி, “டேகை அழிச்சும் டிஸ்க் ஏன் குறையல?” என்பதுதான். பதில் மேலே இருக்கிறது. அந்த கேஷ் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.