மருத்துவரை நேரில் காண்பதா, திரையில் காண்பதா?

ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிவிடுமோ என்று அச்சம். போகாவிட்டால் என்ன ஆகுமோ என்று கவலை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பலர் இப்படித் தவித்தனர். அமெரிக்காவில் அவ்வாண்டு ஜூன் இறுதியில் நடந்த கணக்கெடுப்பின்படி, பெரியவர்களுள் 100க்கு 41 பேர் தொற்றுக் கவலையால் மருத்துவம் பெறுவதைத் தள்ளிப்போட்டனர் அல்லது தவிர்த்தனர். அவர்களுள் 12 பேர் ஒதுக்கியது அவசர சிகிச்சையை!

இந்த அச்சத்துக்கு ஒரு மாற்றாகத் தொலைமருத்துவம் பரவியது. இந்தியாவில் அதற்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. அடுத்த மாதமே 'இ-சஞ்சீவனி' மூலம் வீட்டில் இருந்தபடி மருத்துவருடன் பேசும் வசதி வந்தது.

வீட்டில் இருந்து பேசினால் தொற்று அச்சம் இல்லை, மனத்துக்கும் நிம்மதி. ஆனால் அது போதுமா?

மருத்துவர் நோயை எப்படி அறிகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நோயாளி சொல்வதைக் கேட்கிறார்; அவரை உற்றுப் பார்க்கிறார். பிறகு தொட்டு அழுத்துகிறார், தட்டுகிறார், ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தையும் நுரையீரலையும் கேட்கிறார். முதல் இரண்டும் தொலைபேசியிலும் திரையிலும் ஓரளவு இயலும். மற்றவை இயலா. குடல்வால் அழற்சி என்று ஐயம் வந்தால், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியை அழுத்திப் பார்க்க வேண்டும். திரைக்கு விரல் உண்டா?

சில கருவிகள் இக்குறையைச் சற்றே நீக்குகின்றன. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அவற்றுள் ஒன்று. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் இவ்விரு ஒளிகளை வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து ஆக்சிஜன் அளவு கணக்கிடப்படுகிறது. நலமாக இருப்பவர்க்கு இது பொதுவாக 95 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். கொரோனா நோயாளிகள் சிலருக்கு மூச்சுத்திணறல் தோன்றும் முன்பே இவ்வளவு குறைந்தது. அதனை வீட்டிலேயே அளந்து மருத்துவருக்குச் சொல்ல முடிந்தது.

ஆகவே, 'எது எனக்கு வசதி?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'இந்த நோய்க்கு எது தேவை?' என்றும் கேட்க வேண்டும். தொடர்ந்து உண்ணும் மருந்து பற்றிய ஐயங்களைப் பெரும்பாலும் தொலைவில் இருந்தே கேட்டுத் தெளியலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கை கால் செயலிழத்தல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மாரடைப்பில் காலம் கடக்கக் கடக்க இதயத்தசை அழிகிறது. அவசர நிலையில் நோயாளியை விரைவில் நேரில் வரச் சொல்லவேண்டும் என்றே 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளும் கூறுகின்றன.

செய்து பாருங்கள்: வீட்டில் ஓய்வாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணுங்கள். வழக்கமாக 12 முதல் 20 வரை இருக்கும். எண்ணப்போவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லாதீர்கள். ஏன் சொல்லக்கூடாது? சிந்தியுங்கள்!