ஃபேன் எடிட் போடுற தங்கச்சி, காசு கேட்கக் கூச்சப்படாதே!

ஹீரோ பிறந்தநாள் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காமன் டிபி செய்கிறாய். பட டைட்டில் வெளியானதும் சோறு தண்ணி மறந்து ஃபேன் மேட் போஸ்டர் போடுகிறாய். 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவனையும் பூங்குழலியையும் வைத்துத் தொடர்கதைகூட எழுதுகிறாய். இதற்குக் காசு வாங்கலாமா, வாங்கினால் 'இவளெல்லாம் ஒரு ரசிகையா' என்று பேசுவார்களோ என்று மனசுக்குள் ஒரு உறுத்தல். அக்கா சொல்கிறேன், கேள். உன் ஆசைக்குச் செய்து சக ரசிகர்களுக்குக் காட்டுவதற்கு விலை வேண்டாம். அதே வேலையை வைத்து இன்னொருவர் சம்பாதிக்கப் போகிறார் என்றால், உனக்குக் கூலி வந்தே ஆக வேண்டும். காலேஜ், வேலை, வீடு என்று ஓடுகிறவள் நீ. அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

1. 'டேக் பண்றோம்' என்பது சம்பளம் ஆகாது. எல்லாப் பிள்ளைகளும் ஏமாறும் இடம் இதுதான். படத்தின் புரொமோஷன் பார்க்கிறவர் இன்பாக்ஸில் வருவார். "உங்க எடிட் செம, நாளைக்குக் காலைல ஒரு போஸ்டர் வேணும், அஃபிஷியல் பேஜ்ல டேக் பண்றோம்" என்பார். உனக்குத் தலைகால் புரியாது. உடனே 'ஓகே சார்' என்று அடித்துவிடாதே. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்கும், அதைக் கட்டுகிற ஆளுக்கும், டிவி விளம்பரத்துக்கும் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். டிசைனுக்கும் கொடுக்கட்டும். இந்தப் பதிலை போனில் சேமித்து வை: "ரொம்ப சந்தோஷம் சார். ஒரு போஸ்டருக்கு இவ்வளவு வாங்குறேன். பாதி அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பிக்கிறேன்." அதன்பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால், அவர் கொடுக்கிற எண்ணத்தில் வரவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் உனக்கு மிச்சம்.

இன்னொன்றும் யோசி. நீ இலவசமாகச் செய்து தருகிற ஒவ்வொரு போஸ்டரும், டிசைன் வேலையில்தான் வீட்டு வாடகை கட்டுகிற ஒருவரிடமிருந்து போகிறது. அன்பு என்ற பெயரில் அந்தப் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்.

2. தொகை சொல்லும்போது இழுக்காதே. 'நீங்களே பார்த்துக் கொடுங்க' என்ற வாக்கியம் உன் வாயில் வரவே கூடாது. எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்து ஒரு தொகை சொல். கரெக்‌ஷன் இரண்டு தடவை, அதற்குமேல் தனிக் காசு. பி.எஸ்.டி. ஃபைல் கேட்டால் அதற்கும் தனி விலை. முழுப் பணம் வரும்வரை வாட்டர்மார்க் போட்ட சின்ன ஃபைல் மட்டும் போகட்டும்.

3. எழுதி வாங்கு. 'தெரிஞ்ச அண்ணன்தான்' என்று விட்டவர்கள் பலர் கண்ணைக் கசக்கியிருக்கிறார்கள். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிக்காவிட்டால் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். எந்த ஊருக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இது உனக்குச் சாதகம். பாதகமும் ஒன்று உண்டு. காசு கொடுத்து ஒருவர் கேட்டு நீ வரைந்த ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு பேச்சு இல்லையென்றால், முதல் உரிமை கேட்டவருக்குத்தான். அதனால் 'இந்தப் படத்தின் புரொமோஷனுக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு' என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை விற்றபிறகும் 'இது நான் செய்தது' என்று சொல்லும் உரிமை உன்னிடமே இருக்கும்.

4. நீ காசு பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. இங்கே கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். படத்தின் ஸ்டில்லை எடுத்து டீ ஷர்ட்டிலும் மக்கிலும் அடித்து விற்காதே. ஸ்டில் படக்காரர்களுடையது, முகம் நடிகருடையது. தன் பெயரை வைத்து எடுத்த ஓர் இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பெயர், படம், குரலை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 2023 ஜனவரியில் அவர் தரப்பில் பொது அறிவிப்பும் வந்தது. 'நோ காப்பிரைட் இன்டென்டட்' என்று கீழே எழுதினால் ஒன்றும் ஆகாது என்கிறாயா? அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. பத்து விநாடிப் பாட்டு என்றால் தப்பில்லை என்பதும் கட்டுக்கதை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். வருஷக்கணக்கான உழைப்பைப் பத்து விநாடிப் பாட்டுக்காகப் பணயம் வைக்காதே.

5. ரசிகர்களிடம் பணம் திரட்டுகிறாயா? பார்த்து. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் 'ஆக்ஸனார்' என்ற படம் எடுக்கப் பத்து லட்சம் டாலருக்குமேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் பாரமவுண்ட்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. அடுத்த வருஷம் ரசிகர் படங்களுக்கு அவர்கள் விதித்த வரம்பு: திரட்டுவது 50,000 டாலருக்குள், நடிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் சம்பளம் கூடாது. அன்பு இருக்கலாம், வியாபாரம் இருக்கக் கூடாது என்பதுதான் உரிமையாளர்கள் வழக்கமாகப் போடும் கோடு. ஃபேன் ஃபிக்‌ஷனுக்குப் பேர்போன ஏஓ3 தளமும் தன் பக்கங்களில் காசு கேட்க விடுவதில்லை.

6. சட்டச் சிக்கலே இல்லாத இடத்தில் உழைப்பைப் போடு. நான் அடித்துச் சொல்லும் குறுக்குவழி இது. கல்கி 1954இல் மறைந்தார். ஆசிரியர் இறந்தபின் 60 வருஷம் என்ற கணக்கில் பார்த்தாலும், அவருடைய 'பொன்னியின் செல்வன்' இப்போது பொதுச்சொத்து. அதன் தொடர்ச்சியாக நீ நாவல் எழுதலாம், காமிக்ஸ் போடலாம், விலை வைத்து விற்கலாம். இது புதுசும் இல்லை. 'அமுதசுரபி' ஆசிரியராக இருந்த விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை அந்தக் கதையின் தொடர்ச்சியாகத்தானே எழுதினார்! ஆனால் அவசரப்பட்டு சினிமா முகத்தை வரையாதே. மணிரத்னம் படத்தின் நந்தினி தோற்றம் படக்காரர்களுடையது. கல்கி பத்திரிகையில் இந்த நாவலுக்கு வந்த ஓவியர் மணியத்தின் படங்களையும் தொடாதே. மணியம் மறைந்தது 1968இல், ஆகவே 2028 முடியும்வரை அவற்றுக்குக் காப்புரிமை இருக்கிறது. நாவலை மறுபடி படி. கல்கி வர்ணித்ததை வைத்து உன் கையால் ஒரு நந்தினியை வரை. அவள் முழுக்க உன்னுடையவள்.

7. டிசைன் போட்டியா? விதிமுறையின் கடைசிப் பத்தியை முதலில் படி. வந்த படைப்பெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று இருந்தால் ஒதுங்கிவிடு.

8. உன் எடிட்டின் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு ஒரு கடையோ கம்பெனியோ போட்டுவிட்டதா? அழாதே, கமென்ட்டில் போய்ச் சண்டையும் போடாதே. முதலில் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. உன் லேயர் ஃபைலைப் பத்திரப்படுத்து. உன் எடிட்டில் படக்காரர்களுடைய ஸ்டில் இருந்தால் உன் பேரம் எடுபடாது, அதனால்தான் சொந்தமாக வரையச் சொல்கிறேன். வரைந்தது நீதான் என்றால், மரியாதையாக ஒரு மெயில் எழுதி பில்லை இணைத்து அனுப்பு. பில்லில் தொகை, எதற்கான தொகை, கடைசித் தேதி, வங்கிக் கணக்கு எண் நான்கும் இருக்க வேண்டும். 'தயவுசெய்து', 'முடிந்தால்' எல்லாம் வேண்டாம்.