வாடகையும் ஒத்தியும்

ஆங்கிலத்தில் ‘ரெண்ட்’, ‘ஹையர்’, ‘லீஸ்’ என்னும் சொற்களை வேறுபாடு அறிந்து வழங்குவர். மாணாக்கரே! நம் மொழியிலும் அத்தகைய சொற்கள் உள; அவற்றை ஒன்றாக எண்ணுதல் பிழை.

திண்டுக்கல் நகரில் வீட்டுக்கும் மிதிவண்டிக்கும் கொடுப்பது வாடகை. குடிக்கூலி என்னும் இனிய பழஞ்சொல் ஏனோ வழக்கு வீழ்ந்தது. நகரை நீங்கி நத்தம் பக்கம் சென்றால் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு விடக் காணலாம். வாடகை பயன்பாட்டிற்கு உரியது. குத்தகை விளைவிற்கு உரியது. குத்தகைத் தொகை முன்னரே அறுதியிடப்படும். காய்ப்புப் பொய்த்தாலும் அதனைக் கொடுத்தே தீரவேண்டும். வாரமோ விளைச்சலிற் பங்கு. மழை பொய்ப்பின் நிலமுடையாரும் உழுவாரும் ஒருங்கே இழப்பர்.

ஒத்தி என்பது இவற்றின் வேறு. பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறுங்கால் அதனை முழுதும் திரும்பப் பெறுவது ஒத்தி. அத்தொகைக்கு வட்டி இல்லை, குடியிருப்பே வட்டி. இதனைச் சிலர் ‘லீஸ்’ என்கின்றனர். பொருந்தாப் பெயர் அது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இத்தகைய ஒத்தியை அடைமான வகையுள் வைக்கின்றது. 100 ரூபாயோ அதற்கு மேலோ பெறும் ஒத்திக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். பதிவு பெற்ற ஒத்தி, வீட்டை விலைக்கு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். வெறும் வாடகைச் சீட்டு எழுதிப் பல இலட்சம் கொடுத்தவரோ, வீடு கைமாறியபின் பழைய உரிமையாளரைத் தேடி அலைய நேரிடும்.