வீட்டிலிருந்து கார் ஷெட்டுக்கு மின்சாரம்

இந்த ஆண்டு பொங்கல் விழாவில் அன்பர்கள் மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டோம். வண்டி நிற்பது பின்பக்கக் கார் ஷெட்டில். வீட்டிலிருந்து ஓர் ஒயர் இழுத்தால் போதாதா?"

போதாது. ரயில்வேயின் மின்பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த நான், இதை என் வீட்டிலேயே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் நாக்பூரில் வீடு கட்டியபோது ஷெட்டுக்கு ஒரு பல்பு மட்டும் போட்டேன். இரண்டு கம்பி கொண்ட மெல்லிய ஒயரை வேப்பமரக் கிளை வழியாக இழுத்துத் தகரக் கூரைக்கு அடியில் விட்டேன். பிறகு ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று எண்ணம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அதே ஒயரில் போர் பம்பு சேர்ந்தது. 2022-இல் மகனுடைய ஸ்கூட்டர் சார்ஜரும் சேர்ந்தது. 2023 ஜூலையில் ஒரு மழை மாலை, ஷெட்டின் இரும்புத் தூணில் கை வைத்த என் மனைவி தூக்கி எறியப்பட்டாள். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தாள். இரண்டு நாள் கை மரத்துக் கிடந்தது.

காரணம் எளியது. தகர விளிம்பு உரசி ஒயரின் உறை கிழிந்து, ஷெட் முழுவதும் மின்சாரம் பாய்ந்திருந்தது. வீட்டில் எம்.சி.பி. இருந்தும் விழவில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். மனித உயிருக்கோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே ஆபத்து. அது 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. இதுதான் முதல் பாடம்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் 0.3 வினாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஷெட்டுக்குப் போகும் கேபிளின் வீட்டு முனையிலேயே, எம்.சி.பி.யோடு சேர்த்து இதைப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. எங்கள் ஷெட்டில் சார்ஜர் 750 வாட், பம்பு சுமார் 1,000, இஸ்திரிப் பெட்டி 1,000, விளக்கு 50. மொத்தம் 2,800 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 12 ஆம்பியர். தூரம் 25 மீட்டர். போய்வர 50 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இந்தத் தூரத்துக்குத் தடை சுமார் 0.9 ஓம். 12 ஆம்பியர் ஓடினால் 11 வோல்ட் வழியிலேயே போகும். 130 வாட் வெப்பமாகும். 4 சதுர மி.மீ. கம்பியானால் இழப்பு 3 வோல்ட்டுக்கும் குறைவு. கடையில் '4 எம்.எம்.' என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

மூன்றாவது, வழி. மரத்தின் மேலும் கூரையின் மேலும் வேண்டாம். மூன்று கம்பி கொண்ட, இரும்புக் கவசமிட்ட 'ஆர்மர்டு' கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்தோம். கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை. நாளை யாராவது செடி நடத் தோண்டினால் மண்வெட்டி முதலில் செங்கல்லில் இடிக்கும்.

நான்காவது, எர்த். மூன்றாவது கம்பி வீட்டு எர்த்தோடு சேர வேண்டும். ஷெட்டருகே இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கித் தனி எர்த்தும் போட்டோம். இரும்புத் தூண், தகரக் கூரை, பம்பின் உடல் எல்லாவற்றையும் அதோடு இணைத்தோம். ஷெட்டுக்குள் சிறு பெட்டியில் ஒரு மெயின் சுவிட்ச், விளக்குக்கு 6 ஆம்பியர், பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்களே ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டாம். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவதைத் தவிர மற்ற வேலைகளை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். நான் சொன்னதெல்லாம், வருகிறவரிடம் சரியாகக் கேட்டு வேலை வாங்குவதற்குத்தான். "எர்த்திங் எதற்கு சார், இரண்டு கம்பியிலேயே ஓடும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஓடும்தான், என் வீட்டில் 25 ஆண்டுகள் ஓடியதே! அப்படிச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். மின் கம்பெனி உங்களுக்கு அனுமதித்த லோடு இந்தக் கூடுதலைத் தாங்குமா என்பதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஷெட்டின் இணைப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ் மாதப் பிறப்பன்று, விளக்கேற்றிய கையோடு என் மனைவியே போய் அதை அழுத்திப் பார்க்கிறாள். என்னை நம்பி விடுவதில்லை.