ஒரு நாள் பிரெஞ்சு சமையல் வகுப்புக்குப் போகிறீர்களா?

சென்னை யானைக்கவுனியிலிருந்து புதுச்சேரி, ஆரோவில் பக்கம் வகுப்புக்குக் கிளம்புபவர்களுக்கு:

1. முந்தின இரவே போய்த் தங்குங்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் களைப்போடுதான் கரண்டி பிடிப்பீர்கள்.

2. சைவமா, முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு தவிர்ப்பவரா என்பதைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். பல பிரெஞ்சு சாஸ்கள் வெங்காயத்தில்தான் தொடங்குகின்றன. சிலவற்றில் ஒயினும் சேரும். சீஸையும் கேளுங்கள். சில வகைகளில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட். நம் கடைகளில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம்.

3. பருத்தி உடை, மூடிய செருப்பு. சூடான வெண்ணெய் தெறிக்கும்.

4. அளவுகளைக் கிராமில் எழுதுங்கள். டம்ளர் கணக்கு பேஸ்ட்ரி மாவுக்கு ஒத்துவராது; வீட்டுக்கு ஒரு சின்னத் தராசு அவசியம் வாங்குங்கள்.

5. வெள்ளை சாஸை நீங்களே கிண்டிப் பாருங்கள். வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். இந்தப் பக்குவம் கைக்குத்தான் தெரியும், குறிப்பேட்டுக்குத் தெரியாது.

6. வீட்டில் பேஸ்ட்ரி செய்தால் மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இல்லையென்றால் சென்னை வெக்கையில் வெண்ணெய் உருகி, அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

7. ராட்டட்டூயி என்ற காய்கறிக் கூட்டுக்கு சுக்கினி கிடைக்காவிட்டால் பிஞ்சுச் சுரைக்காய் போதும். கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி நம் சந்தையிலேயே இருக்கின்றன.