65 வயதில் நீதிபதி: ஏ. பி. ராஜா

சிங்கப்பூர்த் தமிழர்களில் அமைச்சர்களை நாம் அறிவோம். எழுத்தாளர்களை ஓரளவு அறிவோம். நீதிபதிகளின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். ஆகவே, ஆறுமுகம் பொன்னு ராஜா எனும் ஏ. பி. ராஜாவை இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

1911இல் மலாயாவின் போர்ட் டிக்சனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் பயின்று வழக்கறிஞரானவர். 1959 பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. அந்த அலையிலும் ஃபேரர் பார்க் தொகுதியில் தனித்து நின்று வென்றார் ராஜா. வென்ற ஒரே சுயேச்சை அவர்தான். நான் தொழிற்பயிற்சி பெறும் துவாஸ் கப்பல் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகாத தமிழ்நாட்டு அண்ணன்கள் குறைவு. பெருமாள் கோயிலுக்கு அவர்கள் இறங்கும் ரயில் நிலையத்தின் பெயரும் ஃபேரர் பார்க்தான். இதைச் சொன்னதும் ஒருவர், "நம்மாளு இங்க எம்.எல்.ஏ.வா இருந்தாரா தம்பி?" என்று வியந்தார். எம்.எல்.ஏ. மட்டுமா!

1964இல் சபாநாயகர். 1965இல் நாடு தனித்தபோது நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகரும் அவரே. பிறகு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தூதர். 1976இல், நீதிபதிகள் ஓய்வுபெறும் 65 வயதைத் தொடும் ஆண்டில், உயர் நீதிமன்ற நீதிபதியாகி 1990 வரை பணியாற்றினார். (அவரை அடுத்துச் சபாநாயகரான பஞ்ச் குமாரசுவாமியும் 1984இல் நீதிபதியானார்.)

அந்த இருக்கை எளிதானதன்று. முன்பு கொலை வழக்கில் உண்மை எது என்று முடிவு செய்தவர்கள் ஏழு ஜூரிகள். டேவிட் மார்ஷல் எதிர்த்தும், 1969இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் மரண தண்டனை வழக்குகளை இரு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தனர். சாட்சி சொல்வது மெய்யா பொய்யா என்பதையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். 1983இல் ஏட்ரியன் லிம் வழக்கை நீதிபதி டி. எஸ். சின்னத்துரை, எஃப். ஏ. சுவாவுடன் அமர்ந்து 41 நாள் கேட்டது இம்முறையில்தான்.

ராஜா பதவியேற்றதற்கு முந்தைய ஆண்டு, 1975இல், போதைப்பொருள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தியது மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு. 14 கிராம் என்றால் சிறையும் பிரம்படியும். கொலைக்கும் அப்படியே: குற்றம் உறுதியானால் தூக்கு ஒன்றே. எதிரில் நிற்பவரின் வறுமையை எண்ணித் தண்டனையைக் குறைக்க அன்று நீதிபதிக்கு வழியிருக்கவில்லை. எனவே உயிர் போவதும் நிலைப்பதும் முழுக்க உண்மை பற்றிய தீர்ப்பிலேயே தங்கியது. சட்டத்தை இயற்றும் அவையில் சுயேச்சையாக அமர்ந்து பேசியவருக்கு, அதை அப்படியே செயல்படுத்தும் இருக்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

1992இல் இரு நீதிபதி முறை ஒரு நீதிபதியாகக் குறைந்தது. சில வகைக் கொலைகளிலும், நிபந்தனைகளுடன் போதைப்பொருள் கடத்தலிலும் தண்டனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது 2012இல் செய்த திருத்தங்களால்தான். ராஜா 1999இலேயே காலமாகிவிட்டார்.